ட்யூப்லெஸ் டயரும் தாய்மாமன் மடியும்

மலேசியாவில் ஈப்போவிலிருந்து நான் திருவண்ணாமலைக்குப் போனது, என் தங்கை மகளை மடியில் உட்கார வைத்துக்கொள்வதற்காக. அதற்கு எதற்கு சைக்கிள் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினேன்.

விசேஷம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார வேண்டும், ஆசாரி காது குத்த வேண்டும். என் தங்கை கவிதா, பாண்டிச்சேரிக்குப் படிக்கப் போன இடத்தில் ஏழுமலையைப் பார்த்து, கல்யாணம் செய்துகொண்டு, வேங்கிக்காலில் வீடு கட்டி அங்கேயே தங்கிவிட்டவள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவள் பக்கத்து ஆள் என்று அந்த ஊரில் போய் நிற்க நான் ஒருவன்தான். அவள் மகள் இனியாவுக்கு ஒரு வயதில் நடக்க வேண்டிய காதுகுத்து என்னால் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒரு முறை கடையில் ஆளில்லை, மறுமுறை எனக்கு டெங்கு. இப்போது அவளுக்கு மூன்று வயது. கவிதாவுக்கு அண்ணன் முறையாகிற ஒருவர் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார், அவர் மடி காலியாகத்தானே இருக்கிறது என்று ஏழுமலையின் சொந்தங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவையும் நீ வரவில்லை என்றால் அவர் மடிதான் என்று கவிதா போனில் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

சைக்கிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். 'இதைவிட லேசாக ஃப்ரேம் இல்லையா' என்று கேட்பவர்கள் நடுவில் நாள் முழுக்க நிற்பவன். அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தேழு வயதில், தொப்பையைக் குறைக்காமல் சைக்கிளைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாகக் கைவைத்தது சக்கரத்தில். கார்பன் ரிம், ஒற்றை விரலில் தூக்கலாம். அதன் மேல் ட்யூப்லெஸ் டயர். உள்ளே ட்யூப் கிடையாது, டயரும் ரிம்மும் சேர்ந்தே காற்றைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கும். முள் குத்தினால் அது ஓடிப்போய் ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்து ஓட்டலாம், மேடு பள்ளம் இடுப்பில் இடிக்காது.

ஏழுமலையும் சைக்கிள்காரர். கலெக்டர் ஆபீசில் சர்வே பிரிவில் வேலை. விடிந்ததும் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவார். அவருடையது தடித்த அலுமினிய ரிம், முப்பத்தாறு கம்பி, உள்ளே ட்யூப். மூன்று வருடமாகப் போனில் எங்களுக்குள் இதே சண்டை. பஞ்சரானால் ஐந்து நிமிடத்தில் ட்யூப் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன், உங்கள் பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார். என் சக்கரத்தை அவர் நேரில் பார்க்க வேண்டும், பார்த்து வயிறெரிய வேண்டும். சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்த உண்மைக் காரணம் இதுதான்.

வியாழக்கிழமை வந்து சேர்ந்தேன். வாடகைக் காரின் மேல் கட்டிய பெட்டி வழியில் இரண்டு முறை சரிந்தது. ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இறங்கி, டீ குடித்துவிட்டு, கயிற்றை இறுக்கினார். பெட்டி சரியாமல் இருந்திருந்தாலும் டீக்கு நிறுத்தியிருப்பார். அந்த டீயை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், இங்கே நாலு வாயில் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த நாலு வாயும் நாக்கில் நிற்கிறது. மலை தெரிந்ததும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், எதிரே பஸ் வந்தது.

வீட்டு வாசலில் இனியா என்னை ஒரு முறை பார்த்தாள். அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். போனில் பார்க்கும்போதெல்லாம் திரையில் எச்சில் பட முத்தம் கொடுக்கிறவள். 'மாமா எதுக்கு வெளிய வந்துட்டாரு' என்று அம்மாவிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழுமலையின் அக்கா மல்லிகாதான் விசேஷத்துக்குத் தலைமை. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். இனியா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். புது மடிதானே, பழகட்டும், இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றார் மல்லிகா. ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க இப்படிக் கத்தினால் என்ன செய்வது என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்படியும் மூன்று கரண்டி காரக்குழம்பு போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வராந்தாவில் பெட்டியைப் பிரித்தேன். விமானத்துக்காகக் காற்றை இறக்கியதில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்று கிடந்தது. அதை ஏற்றிவிட்டு, சின்ன பாட்டிலால் வெள்ளைத் திரவத்தை வால்வு வழியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால் ஒரு முழத் தூரத்தில் இனியா.

"சைக்கிள் பால் குடிக்குமா?"

குடிக்கும், குடித்தால்தான் ஓடும் என்றேன். உள்ளே ஓடிப்போய்த் தன் டம்ளரில் மிச்சமிருந்த பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். சைக்கிளுக்குத்தான், எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் சிக்கல். ட்யூப்லெஸ் டயரை ரிம்மில் உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். கைப்பம்பால் அடித்து அடித்துத் தோள்தான் வலித்தது. ஏழுமலை, நான் அப்போதே சொன்னேனே என்கிற முகத்தோடு, டவுனுக்குப் போகிற வழியில் லாரி டயர் பார்க்கும் பாஷா பாய் கடைக்குக் கூட்டிப்போனார். என்னிடம் இருந்த, ஒல்லி வால்வுக்கான பித்தளை அடாப்டரை வால்வில் மாட்டி, பாய் கம்ப்ரசர் குழாயை வைத்து அழுத்தினார். டப், டப் என்று இரண்டு வெடி. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டயர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

பாய் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடியும் தூக்கிப் பார்த்தார். வெயிட்டே இல்லையே என்று சந்தோஷப்பட்டார். பிறகு வால்வு இருக்கும் ஓட்டையில் விரலை வைத்தார்.

"ஓட்டை ரொம்பக் கம்மியா கீதே சார். நம்மூரு ட்யூபு வால்வு தடி. இதுல எறங்காது. நடுவழில நின்னா இன்னா பண்ணுவீங்க?"

நிற்காது பாய் என்றேன். அதைச் சொல்லும்போது நான் மூக்குக்கண்ணாடியை வேறு மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்படியே கிரிவலப் பாதையில் ஒரு சுற்றுப் போனோம். சொன்னால் சொன்னதுதான், அந்தச் சக்கரம் அப்படி ஓடியது. பெடலைத் தொட்டால் கிளம்புகிறது. வேகத்தடையைத் தாண்டி மறுபடி வேகம் பிடிக்க ஏழுமலைக்கு இருபது மிதி என்றால் எனக்கு ஏழு. வெறுங்காலில் நடந்துபோனவர்கள், மூலிகை சூப் விற்பவர்கள், வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் எல்லோரையும் சர்ரென்று தாண்டினேன். ஒரு சுக்கு காபிக் கடையில் ஏழுமலைக்காகக் காத்திருந்து, இரண்டாவது டம்ளர் குடிக்கும்போதுதான் அவர் வந்தார். மலையின் எந்தப் பக்கம் அழகாக இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. லேசான ரிம்மில் போகிறவன் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். ஒரு குழியில் அசந்து விட்டால் விரிசல், விரிந்தால் குப்பைதான். சுற்று முழுக்க நான் பார்த்தது முன்சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னால் இருந்த தார்.

சனிக்கிழமை, காதுகுத்து நடக்கப்போகும் குலதெய்வக் கோயிலுக்கு வழி பார்த்துவரக் கிளம்பினோம். செஞ்சி ரோட்டில் கீழ்பென்னாத்தூர் தாண்டி, இடதுபக்கம் பிரியும் சின்ன ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர். அந்த ரோட்டில் அறுத்த கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிர வேண்டும், அதுதான் களம். எங்கள் ஊரில் ரோட்டில் ஒரு தேங்காய் மட்டை கிடந்தாலே புகார் கொடுப்பார்கள். நான் பயந்து பயந்து அதன் மேல் ஏறி இறங்கினேன். ஓரமாகக் கோலை வைத்துச் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண், குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க வண்டில வெயிட்டே இல்ல. ஒரு காய்கூட ஒடையல. ஓரமா நில்லுங்க, பின்னால லாரி வருது."

ஏழுமலை ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சிரித்தார். மூக்கு உடைபட்டு நான் பின்னால் போனேன். ஆனால் திரும்பி வரும்போது சாமி என் பக்கம். வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்த இடத்தில் இரண்டு பேர் சக்கரத்திலும் முள் ஏறியது. என் டயரில் உஸ் என்று ஒரு சத்தம், ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான், அடைத்துக்கொண்டது. அவர் வெயிலில் உட்கார்ந்து ட்யூப் மாற்றினார். ஐந்து நிமிடம் இல்லை, பதினேழு நிமிடம், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புளியமர நிழலில் சாய்ந்து நின்று, மாப்ளே அவசரமில்லை, நிதானமாகப் போடுங்கள் என்று மூன்று முறை சொன்னேன்.

அன்று சாயங்காலம் இனியா தானாக வந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். பால் எங்கே போச்சு என்று கேட்டாள். வயிற்றுக்குள் இருக்கிறது என்றேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். மடி பக்கம் மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. எட்டரைக்குள் காது குத்தியாக வேண்டும். வேனில் பாத்திரம், பழத்தட்டு, சொந்தம், ஆடு. நான் கொண்டுவந்த கம்மல் கவிதாவின் கைப்பையில். உனக்கு முன்சீட்டில் இடம் பிடித்திருக்கிறேன், ஏறு என்றாள். ஒரு மணி நேர ஓட்டம்தானே, உங்களுக்கு முன்னால் நான் அங்கே நிற்பேன் என்றேன். நேற்றைய வெற்றி இன்னும் இறங்கவில்லை. எனக்கு வழி தவறக் கூடாது என்று ஏழுமலையும் சைக்கிளை எடுத்தார். கவிதா எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கிளம்புவதற்கு முன்னால் மல்லிகா கற்பூரம் காட்டி, வேன் முன்னால் தேங்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வேன் நகர்ந்ததும் நாலும் கூழாகிவிட்டன. இதுவும் வண்டிதானே என்று என் சைக்கிளுக்கும் ஒன்று வைத்தார். நான் தள்ளினேன். பழம் நசுங்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. எடுத்துவந்து மறுபடி வைத்தார். ஏறி உட்கார்ந்து மிதித்தேன். டயர் பழத்தை விட்டுச் சறுக்கி, உடைந்த தேங்காய் ஓட்டின் மேல் ஏறியது. நறுக்கென்று ஒரு சத்தம். பழம் முழுசாக உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. மல்லிகாவின் முகம் மாறிவிட்டது. முன் டயரின் பக்கவாட்டில் ஒரு கீறல், அதில் வெள்ளை கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. எப்படி என் டயர் என்று ஏழுமலைக்குக் காட்டினேன். அவர் கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பையில் ட்யூப் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கீழ்பென்னாத்தூருக்கு மூன்று நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பள்ளிக்கூடம், அதற்கு முன்னால் வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் முன் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. உள்ளே இருந்த பால் மொத்தமும் பீய்ச்சியடித்தது. என் முகம், கண்ணாடி, ஏழுமலையின் புதுச் சட்டை எல்லாம் வெள்ளை. ஓட்டையை அடைக்கிற ரப்பர் நூலைச் செருகினேன், வெளியே வந்தது. இரண்டாகச் செருகினேன், இரண்டும் வந்தன. பம்பு அடித்தேன், மிச்சப் பாலும் வந்தது. இப்படியே இருபது நிமிடம் போயிற்று. முள்ளுக்கு அது மருந்து, கத்திவெட்டுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அத்தனை நேரம் பிடித்தது.

ஏழுமலை தன் பையிலிருந்து ட்யூபை எடுத்தார். பெருமையாகத்தான் எடுத்தார். வால்வை ரிம் ஓட்டையில் வைத்ததும் இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டோம். பாஷா பாய் சொன்னது சொன்னபடி, வால்வு தடி, ஓட்டை ஒல்லி. ஒல்லி வால்வு ட்யூப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஈப்போவில், அலமாரியில். நூறு கிராம் மிச்சப்படுத்துவதற்காக எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

கவிதாவுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை, கோயிலில் பம்பை மேளம் அடிக்க ஆரம்பித்திருப்பார்கள். பஸ் ஏறினால் பிரிவு ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும், நேரம் போதாது. வந்த பைக்குகளுக்குக் கை காட்டினேன். ஒன்றில் மூன்று பேர், இன்னொன்றில் இரண்டு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு வருடம் எனக்காகக் காத்திருந்தவள் என் தங்கை. நான் கடல் தாண்டி வந்துவிட்டு, பத்து கிலோமீட்டர் தாண்ட முடியாமல் நிற்கிறேன். அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. முகத்தில் இருந்த பாலில் அது தெரிந்திருக்காது.

ஏழுமலை தன் சைக்கிளை என் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"அப்பன் இல்லாம காது குத்தலாம் மச்சான். மாமன் இல்லாம குத்த முடியாது. இத எடுத்துக்கினு கெளம்புங்க."

நீங்கள் பெற்ற தகப்பன், உங்கள் பிள்ளை என்றேன். காது எங்கேயும் போய்விடாது, நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். என் சைக்கிள் செருப்பின் அடியில், என் பெடலில் மாட்டுவதற்கென்று இருக்கும் கட்டை அவர் பெடலில் வழுக்கியது. கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு வெறுங்காலில் மிதித்தேன்.

அது கனமான சைக்கிள். கிளம்பவே மாட்டேன் என்றது. ஆனால் கிளம்பிய பிறகு நிற்கவும் மாட்டேன் என்றது. குழி வந்தது, இறங்கி ஏறியது. முள் கிடந்தது, போகட்டும் என்று ஏற்றினேன். இந்த ரிம்மை உடைக்க வேண்டுமென்றால் சம்மட்டி வேண்டும். நாலு நாளில் முதல் தடவையாக ரோட்டை விட்டுத் தலையைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் வேர்க்கடலைச் செடி, அதற்கப்பால் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒரு மோட்டார் கொட்டகையில் தண்ணீர் விழுகிற சத்தம். இத்தனையும் நேற்றும் இங்கேதான் இருந்திருக்கிறது. கொள்ளு பரப்பிய இடத்தில் அதே பெண் நின்றிருந்தார். சக்கரத்துக்கு அடியில் படபடவென்று காய் உடையும் சத்தம் எனக்கே கேட்டது. இன்றைக்கு வெயிட்டு ஜாஸ்தியாக இருக்கிறதே, இன்னும் ஒரு ரவுண்டு போய்விட்டு வாங்க சார் என்றார். இன்னொரு நாள் வருகிறேன் என்று கத்திக்கொண்டே போனேன்.

கோயிலில் நான் பார்த்த முதல் காட்சி: பாயில் உரக்கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் மடியில் இனியா. அழவில்லை. பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். ஆசாரி கம்மலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழுமலைக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட வயிறு எனக்கு எரிந்தது.

கவிதா என்னைப் பார்த்தாள். திட்டுவதற்கு நேரமில்லாமல், என் சைக்கிள் கால்சட்டையின் மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக் கட்டினாள். உரக்கடைக்காரர் நல்ல மனுஷர். வாங்க வாங்க, எனக்கு மடி மரத்துப்போச்சு என்று எழுந்துகொண்டார். நான் உட்கார்ந்தேன். இனியா மூன்றடி தள்ளி நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"மாமா, பால் குடிச்சியா?"

நான் குடிக்கவில்லை, சைக்கிள் கக்கிவிட்டது என்றேன். சிரித்தாள். கன்னத்தில் காய்ந்திருந்த வெள்ளைப் பொட்டுகளை உரித்துப் பார்க்க அவளுக்கு ஆசை. எட்டவில்லை. என் மடியில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. கவிதா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஆசாரிக்கு அனுபவம், அந்த நேரம் பார்த்து வலது காதில் குத்திவிட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா. பம்பைச் சத்தத்தைத் தாண்டி அவள் சத்தம். இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள், அந்தக் கையை யாராலும் எடுக்க முடியவில்லை. பிஸ்கட் காட்டினார்கள், போன் காட்டினார்கள், ஆட்டைக் காட்டினார்கள். மணி எட்டே கால் தாண்டிவிட்டது. ஒற்றைக் கம்மலோடு நிறுத்தக் கூடாது என்று மல்லிகா சாமியைப் பார்த்து முணுமுணுத்தார். என் சட்டையெல்லாம் அவள் கண்ணீர். ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை, என் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கோயில் வாசலில் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஏழுமலை, கையில் என் சைக்கிள். முன் டயரில் காற்று இருந்தது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கீழ்பென்னாத்தூர் பஞ்சர் கடையில் நிறுத்தி, பாஷா பாய்க்குப் போன் போட்டிருக்கிறார். ஓட்டையைப் பெரிசாக்கச் சொல்லு, முடிந்தது வேலை என்றிருக்கிறார் பாய். டிரில் போட்டு, கிழிந்த இடத்துக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து, தடி வால்வு ட்யூபை மாட்டிவிட்டார்கள்.

கார்பன் ரிம்மில் டிரில். முந்தின நாள் இதைக் கேட்டிருந்தால் எனக்கு நெஞ்சுவலி வந்திருக்கும். ஏழுமலை சக்கரத்தைச் சுழற்றி, ஓட்டையைக் குழந்தை பக்கம் காட்டினார்.

"பாரு கண்ணு, சைக்கிளுக்கும் குத்தியாச்சு."

இனியா அழுகையை நிறுத்தினாள். ஓட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு வால்வைப் பார்த்தாள். அதுதான் கம்மலா என்று கேட்டாள். ஆமாம் என்றார் ஏழுமலை. என் பக்கம் திரும்பினாள்.

"அது அழுதுச்சா?"

"இல்லம்மா. மாமாதான் அழுதேன்."

என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு இடது காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையால் என் காதைப் பிடித்துக்கொண்டாள், எனக்கும் குத்துவார்களோ என்று நினைத்தாளோ என்னவோ. ஆசாரி குத்தினார். ஒரு தரம் வீறிட்டாள், அவ்வளவுதான். எட்டரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

கறிச்சோறு சாப்பிட்டு முடிந்த பிறகு மல்லிகா ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். காலையில் நசுங்காமல் போனது அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். இனியாவை சீட்டில் உட்கார வைத்து நான் பிடித்துக்கொண்டேன், ஏழுமலை பின்னாலிருந்து தள்ளினார். பச்சக்கென்று நசுங்கியது. இனியா குனிந்து பார்த்துவிட்டு இன்னொன்று வைக்கச் சொன்னாள். அதுவும் நசுங்கியது. சமையல்காரர் வெங்காயத்தில் பிழிய வைத்திருந்த பழம் வரைக்கும் தீர்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஊருக்கு வந்ததும், அந்த ரிம்மை மாற்றிவிடு, ஓட்டை போட்டது எப்போது விரியுமோ என்று சைக்கிள் நண்பர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்வது சரிதான். கேமரன் மலை ஏறுவதற்கு வேறு சக்கரம் போட்டிருக்கிறேன், லேசானதுதான், ட்யூப்லெஸ்தான். ஏற்றத்தில் அதன் சுகமே வேறு, அதில் ஏழுமலையோடு எனக்கு இன்றும் சமாதானம் இல்லை. பையில் ஒரு ஒல்லி வால்வு ட்யூபும் வைத்துக்கொள்கிறேன், நூறு கிராம் போனால் போகிறது. ஓட்டை போட்ட சக்கரம் கடையில், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. விற்பனைக்கா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வேங்கிக்காலிலிருந்து போன் வரும். இனியா தலையைத் திருப்பி ஒரு காதைக் காட்டுவாள், பிறகு இன்னொரு காதைக் காட்டுவாள். இப்ப அது காட்டட்டும் என்பாள். நான் ஆணியிலிருந்து சக்கரத்தை இறக்கி, ஓட்டை இருக்கும் பக்கத்தை அவளுக்குத் திருப்பிக் காட்டுவேன்.